ஒரு போர் ஏன் மூண்டது? நெடுங்கோட்டைச் சண்டையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் தமிழ்தான் பேச்சு. சர்க்கார் கடிதம் மலையாளத்தில் வரும். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். அதனால் ஒரே குடும்பத்தில் அண்ணன் பிள்ளை கேரளப் பாடப்புத்தகத்தையும் தங்கை பிள்ளை தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தையும் படிப்பது இங்கே சாதாரணம். மாலையில் என்னிடம் வரலாறு படிக்க வரும் ஒரு பையன், ஓண விடுமுறையில் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அத்தை மகளையும் வகுப்புக்கு அழைத்து வந்தான். அன்றைய பாடம், மைசூரை ஆண்ட திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர்.

"திப்பு சுல்தான் வெள்ளைக்காரர்களை எதிர்த்து நின்றவர். போரைக் கொண்டுவந்தது அவர்கள்தான்" என்றாள் அவள். "படையோட்டத்தில், அதாவது திப்புவின் படை வந்தபோது, எங்கள் குடும்பமே வீட்டைப் போட்டுவிட்டு ஓடியதாகச் சொல்வார்கள். போரைக் கொண்டுவந்தது திப்பு" என்றான் இவன். இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. கடைசியில் என்னைப் பார்த்து, "யார் சொல்வது சரி, சார்?" என்று கேட்டார்கள். அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து முழுதாகச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. எந்தப் போரை எடுத்துக்கொண்டாலும் இதே படிகளில் போகலாம்.

முதல் படி: 'ஏனென்றால்' இல்லாமல் கதையை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை நாள்வரிசைப்படி எழுதுங்கள். 'அதனால்', 'ஆகவே', 'ஏனென்றால்' என்ற சொற்கள் வரவே கூடாது. இது கடினமான பயிற்சி. கை தானாகவே காரணம் தேடி ஓடும், பிடித்து நிறுத்துங்கள். நம் போருக்கு அந்தத் தாள் இப்படி இருக்கும்.

1766: மைசூரை ஆண்ட, திப்புவின் தந்தை ஹைதர் அலி மலபாருக்குள் வருகிறார். கொச்சி மன்னர் மைசூருக்குக் கப்பம் கட்ட ஒப்புக்கொள்கிறார். பாலக்காட்டில் கோட்டை எழுகிறது. திருவிதாங்கூர், கடலோரத்திலிருந்து மலையடிவாரம் வரை சுமார் 30 மைல் நீளத்துக்கு மண்ணாலும் கல்லாலும் முள்வேலியாலும் ஒரு தடுப்பைக் கட்டிவைத்திருக்கிறது. அதுதான் நெடுங்கோட்டை. அதன் ஒரு பகுதி கொச்சியின் நிலத்தில் ஓடுகிறது.

1784 மார்ச்: மங்களூர் ஒப்பந்தத்தில் இரண்டாம் மைசூர்ப் போர் முடிகிறது. அதில் திருவிதாங்கூர் மன்னர் கம்பெனியின் நண்பர் என்று பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார். அதே ஆண்டு லண்டனில் நிறைவேறிய பிட் இந்தியச் சட்டம், இந்தியாவில் நாடுபிடிக்கும் போர்கள் பிரிட்டனின் விருப்பத்துக்கும் மானத்துக்கும் விரோதமானவை என்கிறது.

1786: கார்ன்வாலிஸ் கவர்னர் ஜெனரலாக வருகிறார். 1788: திப்புவின் தூதர்கள் வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைச் சந்திக்கிறார்கள். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் மலபாரில் கலகம், அதை அடக்கப் படை, திருவிதாங்கூரை நோக்கி ஓடும் மக்கள்.

1789 ஜூலை 7: கார்ன்வாலிஸ் ஹைதராபாத் நிஜாமுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அந்த மாத இறுதியில் கொடுங்கல்லூர்க் கோட்டையையும் ஆயக்கோட்டையையும் டச்சுக்காரர்களிடமிருந்து திருவிதாங்கூர் மன்னர் விலைக்கு வாங்குகிறார். டிசம்பர் 29 விடியலில் மைசூர்ப் படை நெடுங்கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்புகிறது. 1790 ஏப்ரலில் தடுப்பு உடைகிறது. மே மாதம் கொடுங்கல்லூர் விழுகிறது. அதே மாதம் ஜெனரல் மெடோஸ் தலைமையில் கம்பெனிப் படை திருச்சியிலிருந்து கரூர், கோயம்புத்தூர் நோக்கிக் கிளம்புகிறது. ஜூனில் மராத்தியருடனும் ஜூலையில் நிஜாமுடனும் கம்பெனி உடன்படிக்கை செய்கிறது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம்: திப்புவின் நாட்டில் பாதி போகிறது, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம், இரண்டு மகன்கள் பிணை.

இந்தத் தாள் முடிந்த பிறகுதான் காரணம் பேசத் தகுதி வருகிறது.

இரண்டாம் படி: போர் தொடங்கிய நாளைக் கேள்வி கேளுங்கள்

தாளைத் திரும்பப் பாருங்கள். போர் எந்த நாளில் தொடங்கியது? டிசம்பர் 29 என்று குறித்தால் தொடங்கியவர் திப்பு. 1790 மே என்று குறித்தால் தொடங்கியது கம்பெனி. 1789 ஜூலை இறுதி என்றால் திருவிதாங்கூரின் பெயரும் பட்டியலில் ஏறிவிடுகிறது. சில புத்தகங்கள் இந்தப் போரை 1789–92 என்றும், சில 1790–92 என்றும் தலைப்பிடுகின்றன. ஒரே ஒரு வருட வித்தியாசம்தான்; ஆனால் பழி யார் தலையில் விழும் என்பதைத் தலைப்பே பாதி தீர்மானித்துவிடுகிறது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

மூன்றாம் படி: 'ஏன்' என்பதை மூன்றாகப் பிரியுங்கள்

எனக்கு இந்த வழிகாட்டியில் மிக முக்கியமாகப் படுவது இந்தப் படி.

எங்கள் சித்தூர் வட்டத்தில் வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை போடாத தோட்டக்காரர் கிடையாது. ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்காளிகளுக்குள் இருபது வருடமாக மடைத் தண்ணீரில் மனத்தாங்கல். ஒரு நாள் காலையில் ஒருவர் மடையை அடைக்கிறார். மற்றவர் மண்வெட்டியை ஓங்குகிறார். வழக்கமாக இந்த மாதிரிச் சண்டை அன்று மாலையே டீக்கடையில் தணிந்துவிடும். இந்தத் தடவை தணியவில்லை. ஒருவருக்கு மச்சான் வக்கீல். மற்றவருக்குப் பின்னால் கட்சிக்காரர்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போய்ப் பத்து வருடம் ஓடுகிறது.

'ஏன் இந்த வழக்கு?' என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். பழைய மனத்தாங்கல் என்பார் ஒருவர். அன்று மடையை அடைத்தது என்பார் இன்னொருவர். மச்சான் வக்கீல் என்பார் மூன்றாமவர். மூவரும் சரிதான், அவர்கள் பதில் சொல்வது மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கு.

பகை ஏன் இருந்தது? அந்த நாளில் ஏன் கை ஓங்கியது? ஓங்கிய கை ஏன் அத்தோடு நிற்காமல் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது? போர்க் காரணங்களைப் பற்றிய வாதங்களில் பெரும்பாதி, ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் மூன்றாம் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு ஒருவரையொருவர் மறுப்பதுதான். அந்த இரண்டு பிள்ளைகளும் அன்று செய்தது அதுவே. பொள்ளாச்சிப் பெண் மூன்றாம் கேள்வியில் நின்றாள்; எங்கள் ஊர்ப் பையன் இரண்டாம் கேள்வியில் நின்றான்.

நான்காம் படி: ஒவ்வொரு விளக்கத்தையும் அதை நம்புகிறவர் வாயால் சொல்லுங்கள்

எதிராளியின் வாதத்தைச் சோப்ளாங்கியாக்கி அடிப்பது சுலபம். அப்படிச் செய்யாதீர்கள். அதை நம்பும் ஒருவர் படித்துவிட்டு, "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று தலையாட்டும்படி எழுதுங்கள். எனக்குத் தெரிந்து இந்தப் போருக்கு நான்கு விளக்கங்கள் உண்டு.

முதலாவது, திப்புவின் ஆக்கிரமிப்பு. மலபாரைப் பிடித்தாயிற்று, கொச்சி கப்பம் கட்டுகிறது, மிச்சம் திருவிதாங்கூர் ஒன்றுதான். அதன் மிளகும் துறைமுகங்களும் கிடைத்தால் மேற்குக் கடற்கரை முழுவதும் மைசூரின் கையில். மலபாரில் நடந்த கட்டாய மதமாற்றமும் நாடுகடத்தலும் அடுத்து தெற்கே வரும் என்று திருவிதாங்கூர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்த மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவைத் தர்மராஜா என்று அந்த நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

இரண்டாவது, திருவிதாங்கூரின் தூண்டுதல். மைசூருக்கு எதிராகக் கலகம் செய்தவர்களுக்கு அடைக்கலம், கப்பம் கட்டும் நாட்டின் நிலத்துக்குள் தடுப்புச் சுவர், அதற்கும் மேலாக டச்சுக் கோட்டைகளை வாங்கியது. எந்த அரசனும் இதைப் பொறுத்திருக்க மாட்டான் என்பது வாதம்.

மூன்றாவது, கம்பெனியின் திட்டம். அமெரிக்காவில் யார்க்டவுனில் தோற்றுவந்த கார்ன்வாலிசுக்கு இந்தியாவில் ஒரு வெற்றி தேவை. பிரெஞ்சுக்காரர்களோடு உறவு வைத்திருந்த, மிளகையும் சந்தனத்தையும் ஏலக்காயையும் அரசின் ஏகபோகமாக்கிக் கம்பெனி வியாபாரத்தை நெருக்கிய திப்பு, அவர்களுக்கு மிக ஆபத்தான போட்டியாளர். நிஜாமுக்கு எழுதிய கடிதத்தில், கம்பெனி தரும் படையை இன்னின்ன நட்பு அரசர்கள் மேல் ஏவக்கூடாது என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் திப்புவின் பெயர் இல்லை. பின்னாளில் கம்பெனி அதிகாரிகளிலேயே சிலர் இதை மறைமுகமான பகைமைச் செயல் என்று கண்டித்திருக்கிறார்கள்.

நான்காவது, தப்புக்கணக்கு. சென்னை கவர்னர் ஹாலண்ட், கோட்டைகளை வாங்காதே, திருப்பிக் கொடு என்று மன்னரை அதட்டிக்கொண்டிருந்தார். கவர்னர் ஜெனரல் இருந்த கல்கத்தாவோ, டச்சுக்காரர்களுக்கு உரிமை இருந்திருந்தால் மன்னரைக் காக்க வேண்டும் என்ற நிலையில் இருந்தது. சென்னையின் குரலைக் கேட்ட திப்பு, கம்பெனி சண்டைக்கு வராது என்று எண்ணினார். மங்களூர் ஒப்பந்தத்தை நம்பிய மன்னர், வந்தே தீரும் என்று எண்ணினார். இருவருமே அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள்.

ஐந்தாம் படி: காகிதத்தைக் கையில் எடுத்தால், எழுதியவர் யார், எழுதியது யாருக்கு என்று கேளுங்கள்

இங்கே கொடுங்கல்லூர்க் கோட்டை விவகாரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம்.

திப்புவின் வாதம்: அந்த நிலம் கொச்சியுடையது; கொச்சி எனக்குக் கப்பம் கட்டுவது; டச்சுக்காரன் அதை விற்க யார், திருவிதாங்கூர் வாங்க யார்? டச்சுக்காரர்களின் வாதம்: 1662இல் போர்த்துக்கீசியரிடமிருந்து போரில் பிடித்த கோட்டை அது, மைசூர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு நூறு வருடம் முன்பே எங்களுடையது. மன்னரின் வாதம்: அந்த இரண்டு கோட்டைகளும் நெடுங்கோட்டையின் மேற்கு வாசல், அவை திப்பு கைக்குப் போனால் 30 மைல் தடுப்பும் வீண்.

மூன்று வாதங்களும் அவரவர் தாளில் அப்பழுக்கில்லாமல் இருக்கின்றன. ஏனென்றால் மூன்றும் மூன்றாம் மனிதரைச் சம்மதிக்க வைக்க எழுதப்பட்டவை. அந்த மூன்றாம் மனிதர் கம்பெனி. மன்னர் சென்னைக்கு எழுதும்போது, தான் வாங்கியது தற்காப்புக்காகத்தான் என்று அழுத்தியாக வேண்டும்; தாக்குகிறவனைக் காப்பாற்றும் கடமை கம்பெனிக்குக் கிடையாது. டிசம்பர் 29க்குப் பிறகு திப்பு சென்னைக்கு எழுதினார்: தப்பியோடியவர்களைத் தேடிப் போன என் ஆட்கள் மேல் திருவிதாங்கூர்க்காரர்கள்தான் முதலில் சுட்டார்கள் என்று. கம்பெனியை ஒதுங்கியிருக்கச் செய்ய வேண்டும் என்ற தேவை அந்த வரியில் இருக்கிறது.

அதற்காக அதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். எதிர்த்தரப்பின் காகிதத்தோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் ஆங்கில அதிகாரிகள் எழுதிய வரலாறு, அன்று திப்புவே படையோடு வந்ததாகவும், அகழியில் அவருடைய பல்லக்கும் முத்திரைகளும் சிக்கியதாகவும் சொல்கிறது. ஓடியவர்களைத் தேடும் வேலைக்குப் பல்லக்கில் சுல்தான் போவாரா என்ற கேள்வி எழுகிறது. அதே நேரத்தில், அதை எழுதியவர்கள் வென்ற தரப்பு என்பதும் மறக்கக் கூடாதது.

காகிதம் சொல்லாமல் விட்டதையும் பாருங்கள். திருவிதாங்கூருக்கு உதவியாக அந்தப் பகுதியில் கம்பெனியின் இரண்டு பட்டாளங்கள் நின்றிருந்தன. டிசம்பர் 29 அன்று அவை சண்டையில் இறங்கவில்லை. கம்பெனி அன்றே போருக்குத் துடித்துக்கொண்டிருந்தது என்பவர்கள் இதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

ஆறாம் படி: நாளை வைத்து உரசிப் பாருங்கள்

ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இருக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தாளைப் பார்த்துச் சரிபார்ப்பவர் குறைவு. நிஜாமுக்கு எழுதிய கடிதம்தான் திப்புவைத் தாக்கத் தூண்டியது என்றால், கடிதத்தின் தேதி 1789 ஜூலை. திப்புவின் நெருக்கடிக்கு அஞ்சித் திருவிதாங்கூர் சென்னையிடம் உதவி கேட்டதோ 1788இலேயே. ஆகவே பகையைக் கடிதம் பிறப்பிக்கவில்லை. இருந்த பகையை முற்றவைத்திருக்கலாம் என்பதற்கு மேல் அந்தக் கடிதத்தின் மேல் பாரம் ஏற்ற முடியாது.

இன்னொரு உரசல்: மாறாத ஒன்றால் மாற்றத்தை விளக்க முடியாது. மிளகுப் போட்டி 1785இலும் இருந்தது, 1787இலும் இருந்தது. அப்போது ஏன் போர் வரவில்லை? மிளகு முதல் கேள்விக்கு அருமையான பதில். இரண்டாம் கேள்விக்கு அதனால் பயனில்லை. மதத்தைக் காரணமாகச் சொல்பவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. மலபாரில் நடந்தது அகதிகள் ஏன் ஓடினார்கள் என்பதை விளக்குகிறது. அதே திப்பு 1791இல் மராத்தியப் படை சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குப் பணமும் உதவியும் அனுப்பியிருக்கிறார். அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தாளில் எழுதிவைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒன்றை மட்டும் வெட்டி எடுத்துக் கொடி பிடிப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அவர்களால் எங்கள் எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு நன்மை எதுவும் நடந்ததில்லை.

கடைசியாக, ஒன்றை மனத்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். கோட்டைகளை மன்னர் வாங்காமல் இருந்திருந்தால்? தாக்குதல் தள்ளிப்போயிருக்கலாம், திப்புவும் அந்தக் கோட்டைகள் மேல் கண் வைத்திருந்ததால் பூசல் தீர்ந்திருக்காது. கம்பெனி ஒதுங்கியிருந்தால்? திருவிதாங்கூர் ஒருவேளை விழுந்திருக்கும். ஆனால் மராத்தியரும் நிஜாமும் சேர்ந்த இரண்டு வருடப் பெரும்போர் வந்திருக்காது.

ஏழாம் படி: தாளில் இல்லாதவர்களைத் தேடுங்கள்

கம்பெனி, சுல்தான், மன்னர் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒவ்வொரு படையும் போகும்போதும் வரும்போதும் மாட்டையும் நெல்லையும் இழந்தவர்கள் எழுதவில்லை. பாலக்காட்டுக் கோட்டையை 1768, 1783, 1790 என்று மூன்று தடவை கம்பெனி பிடித்தது. இடையிடையே கை மாறியது. இன்று அந்தக் கோட்டைக்குள் ஆஞ்சநேயர் கோயிலுக்கு மாலையில் கூட்டம் வருகிறது; அகழியில் தண்ணீர் நிற்கிறது. உள்ளே நின்று கருங்கல் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி மாணவர்களை அழைத்துப் போவேன். ஒரு சுவர் மூன்று முற்றுகைகளைப் பார்த்திருக்கிறது என்றால் அதைச் சுற்றியிருந்த வயல்கள் எத்தனை தடவை மிதிபட்டிருக்கும்?

எழுதாதவர்களின் சாட்சி சொற்களில் தங்கியிருக்கிறது. படையோட்டம் என்ற சொல்லே ஒரு சாட்சி: அது போரைப் படையெடுத்தவன் பக்கம் நின்று பார்க்காமல் ஓடியவர் பக்கம் நின்று பார்க்கிறது. கிருஷ்ணன்கோட்டை, கோட்டமுறி என்று நெடுங்கோட்டை போன வழியில் ஊர்ப்பெயர்கள் இன்னும் இருக்கின்றன. மலபாரில் சில ரோடுகளுக்குத் திப்பு சுல்தான் ரோடு என்றே பெயர். குடும்பக் கதைகளைத் தேதிக்கு நம்பாதீர்கள், அச்சத்துக்கு நம்புங்கள்.

எட்டாம் படி: உங்கள் தீர்ப்பை எழுதுங்கள்

'எல்லாக் காரணங்களும் சேர்ந்துதான்' என்று முடிக்கும் விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். எது எந்தக் கேள்விக்குப் பதில், எது கனமானது என்று சொல்ல வேண்டும். என் தீர்ப்பு இது.

பகை ஏன் என்றால், கடற்கரை வியாபாரத்தைத் தன் கைக்குள் கொண்டுவர முனைந்த மைசூர் அரசும் அதே வியாபாரத்தை நம்பியிருந்த கம்பெனியும் ஒரே கரையில் நின்றதால். அந்த டிசம்பரில் ஏன் என்றால், அகதிகளும் கோட்டை விற்பனையும் சூட்டை ஏற்றின, சென்னையின் தடுமாற்றம் திப்புவுக்குத் துணிச்சல் கொடுத்தது. ஆனால் தாக்கும் முடிவு திப்புவுடையது, அதை மழுப்பக் கூடாது. ஏன் அவ்வளவு பெரிய போரானது என்றால், பொறுப்பு கம்பெனியுடையது. முதல் தாக்குதலில் தோற்ற பிறகு திப்பு தூதர்களை அனுப்பிப் பேச முன்வந்தார். எங்கள் நண்பரைத் தாக்கிய கணத்திலேயே போர் அறிவிக்கப்பட்டதாகத்தான் எடுத்துக்கொள்வோம் என்று மெடோஸ் பதில் எழுதிவிட்டார். அதற்குள் புனேவிலும் ஹைதராபாத்திலும் கார்ன்வாலிசின் ஆட்கள் பங்கு பேசத் தொடங்கியிருந்தார்கள். 1784ஆம் ஆண்டுச் சட்டம் நாடுபிடிக்கும் போரைத் தடுத்தது. நண்பனைக் காக்கும் போரைத் தடுக்கவில்லை. கம்பெனிக்கு வேண்டிய வாசலைத் திறந்துவிட்டவர் திப்பு. உள்ளே நுழைந்து பாதி நாட்டை எடுத்தது கம்பெனி.

இதே எட்டுப் படிகளை 1914இல் மூண்ட முதல் உலகப் போருக்கும் வைத்துப் பார்க்கலாம். ஐரோப்பாவில் பகை ஏன், ஜூன் 28 சரயேவோக் கொலையிலிருந்து ஆகஸ்டுக்குள் ஏன், செர்பியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையிலான சண்டை உலகப் போராக வளர்ந்தது ஏன் என்று பிரித்தாலே போதும். நூறு வருடமாக நடக்கும் வாதத்தில் யார் எந்தக் கேள்வியில் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். 1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 231ஆம் பிரிவு மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து ஜெர்மனியின் தலையில் ஒரே பதிலை வைத்தது. அதன் மேல் எழுந்த சண்டை இன்னும் அடங்கவில்லை.

எழுதி முடித்த தீர்ப்பை எல்லைக்கு அந்தப் பக்கம் படிக்கும் ஒருவரிடம் கொடுத்து, எந்த வரியில் கோபம் வருகிறது என்று கேளுங்கள். நான் இதைக் கையெழுத்தில் ஒரு பிரதி எடுத்துப் பொள்ளாச்சிக்குப் போகும் பையனிடம் கொடுத்தனுப்பினேன். மெடோஸின் பதிலுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் "அப்படியென்றால் அந்த இரண்டு பட்டாளங்கள் ஏன் சும்மா நின்றன, சார்?" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறாள் அந்தப் பெண். அடுத்த விடுமுறைக்கு அவள் வரும்போது அந்தக் கேள்வியிலிருந்து வகுப்பைத் தொடங்குவதாக இருக்கிறேன்.